மெண்டெலின் மகன்: ஒரு ஜெர்மன் குடும்பப் பெயரின் வரலாறு



நினைவுச் சொற்பொழிவு என்பது ஒருவரின் பெயரால் கூடுகிற கூட்டம். மறைந்தவரின் பெயரை ஆண்டுக்கு ஒருமுறையாவது எல்லோரும் சேர்ந்து உரக்கச் சொல்கிறோம். ஆகவே இந்த ஆண்டு பெயரைப் பற்றியே பேசலாம் என்று முடிவு செய்தேன். பெயர் நமக்குச் சிறிய விஷயமாக ஒருபோதும் இருந்ததில்லை. வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் வீட்டுக்காரர் முதலில் பேரைக் கேட்பார். அதில் பிடிபடவில்லை என்றால் அப்பா பேரைக் கேட்பார். அதிலும் பிடிபடவில்லை என்றால் சொந்த ஊரில் எந்தத் தெரு என்று கேட்பார். மூன்று கேள்விகளுக்கும் பின்னால் இருப்பது ஒரே கேள்விதான் என்பதை இந்த அரங்கில் விளக்க வேண்டியதில்லை.

அண்ணல் அம்பேத்கர் மதமாற்றத்தைப் பற்றி எழுதும்போது இந்தப் பெயர்ச் சிக்கலைத் தனியே எடுத்துப் பேசுகிறார். பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போவது வசதியுள்ளவர்களுக்கு எளிது; தீண்டப்படாதவருக்குப் பெயர்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பது அவர் வாதம். அதோடு இன்னொன்றும் சொல்கிறார்: பழைய வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு பெயரை மட்டும் மாற்றினால், பழைய இழிவு புதிய பெயரிலும் வந்து ஒட்டிக்கொள்ளும். பெயரும் மாற வேண்டும், வீடும் மாற வேண்டும் என்கிறார்.

இந்த வாதத்தை வேறொரு மண்ணில் வைத்துப் பார்க்க விரும்புகிறேன். ஜெர்மனியில் ஒரு யூதக் குடும்பம் 200 ஆண்டுகளில் பெயரையும் மாற்றியது, மதத்தையும் மாற்றியது, இரண்டையும் மாற்ற மறுத்தும் பார்த்தது. அந்தக் குடும்பத்தின் பெயர் மெண்டெல்ஸோன். மேற்கத்திய இசை கேட்பவர்களுக்கு இது தெரிந்த பெயர். கேட்காதவர்களும் இந்தப் பெயருக்குரியவரின் இசையைக் கேட்டிருப்பார்கள். நம்மூர்த் தேவாலயங்களில் திருமணம் முடிந்து மணமக்கள் கைகோத்து வெளியே நடந்து வரும்போது ஆர்கனிலோ கீபோர்டிலோ வாசிக்கிற திருமண நடை இசை, ஃபெலிக்ஸ் மெண்டெல்ஸோன் 1842இல் ஒரு நாடகத்துக்காக எழுதியது.

1. அப்பா பெயர்

ஜெர்மன் நகரங்களில் 12ஆம் நூற்றாண்டு வாக்கில் குடும்பப் பெயர்கள் நிலைபெறத் தொடங்கின. மாவு அரைப்பவர் ம்யூல்லர் ஆனார், கொல்லர் ஷ்மிட் ஆனார், தையற்காரர் ஷ்னைடர் ஆனார். சிலருக்கு ஊர்ப் பெயர் ஒட்டியது, சிலருக்குத் தகப்பன் பெயர். பேரன் மாவு அரைக்காவிட்டாலும் ம்யூல்லராகவே இருந்தான்.

அங்கே வாழ்ந்த யூதர்களில் பெரும்பாலோருக்கு இப்படி நிலையான குடும்பப் பெயர் கிடையாது. இன்னாரின் மகன் இன்னார் என்பதே வழக்கம். தலைமுறைக்குத் தலைமுறை பின்பெயர் மாறும். நாம் அப்பா பெயரின் முதல் எழுத்தைத் தலைப்பெழுத்தாகப் போடுகிறோம். நம் பிள்ளைக்கு அந்த எழுத்து மாறிவிடுகிறது. ஏறக்குறைய அதுபோல.

டெஸ்ஸாவ் என்ற சிறு நகரத்தில் மெண்டெல் ஹெய்மான் என்றொருவர் இருந்தார். யூத மறைநூலாகிய தோராவைத் தோல் சுருளில் கையால் படியெடுத்து எழுதுவது அவர் தொழில். ஏழை. மெண்டெல் என்பது மெனாகெம் என்ற எபிரேயப் பெயரை இத்திஷ் பேசுகிற யூதர்கள் செல்லமாகக் கூப்பிடும் விதம். ஆறுதல் தருபவர் என்று பொருள். 1729 செப்டம்பர் 6 அன்று அவருக்கு ஒரு மகன் பிறந்தான். பெயர் மோசஸ். அன்றைய வழக்கப்படி அவன் பெயர் மோசே பென் மெண்டெல், அதாவது மெண்டெல் மகன் மோசே. வெளியூர் போனால் டெஸ்ஸாவ்க்கார மோசஸ்.

1743இல், 14 வயதில், அந்தப் பையன் தன் ஆசிரியரான ரபி டேவிட் ஃப்ரெங்க்கெலைத் தேடி பெர்லினுக்குப் புறப்பட்டான். நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அந்தத் தூரத்தை நடந்தே கடந்தான் என்பார்கள். பெர்லின் மதிலில் பல வாயில்கள் இருந்தாலும் வெளியூர் யூதர் நுழைவதற்கென்று ஒதுக்கப்பட்ட வாயிலில்தான் நுழைய வேண்டும். அவன் ரோசெந்தால் வாயில் வழியாக உள்ளே வந்தான்.

பெர்லினில் தானாகவே ஜெர்மன், லத்தீன், பிரெஞ்சு, ஆங்கிலம், கணிதம், தத்துவம் எல்லாம் படித்தான். ஒரு யூதப் பட்டு வணிகரின் வீட்டில் பிள்ளைகளுக்கு ஆசிரியனாகச் சேர்ந்து, பின்னர் அவருடைய பட்டாலையில் கணக்கரானான், கடைசியில் பங்குதாரரும் ஆனான். பகலில் கணக்கு, இரவில் தத்துவம். ஜெர்மன் மொழியில் எழுதத் தொடங்கியபோது பென் மெண்டெல் என்ற எபிரேயத் தொடரை அப்படியே ஜெர்மனாக மாற்றிக்கொண்டார். ‘ஸோன்’ என்றால் மகன். மெண்டெல்ஸோன் என்றால் மெண்டெலின் மகன்.

இந்த மாற்றத்தைக் கவனியுங்கள். அவர் அப்பனின் பெயரைக் கைவிடவில்லை. அதே பெயரை நாட்டின் பொதுமொழியில் சொன்னார், அவ்வளவுதான். எபிரேயத்தில் கையெழுத்திடும்போது கடைசிவரை டெஸ்ஸாவ்க்கார மோசஸ் என்றே எழுதினார். இரண்டு மொழிகளில், இரண்டு பெயர்களோடு, ஒரே மனிதராக வாழ்ந்தார்.

2. புகழும் சுங்கமும்

மோசஸ் மெண்டெல்ஸோன் ஐரோப்பா அறிந்த தத்துவவாதி ஆனார். 1763இல் பெர்லின் அறிவியல் கழகம் நடத்திய கட்டுரைப் போட்டியில் முதல் பரிசு அவருக்கு; அடுத்த இடத்தில் வந்தவர் இம்மானுவேல் கான்ட். ஆன்மாவின் அழியாமையைப் பற்றி 1767இல் அவர் எழுதிய ‘ஃபெய்டோன்’ பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. அவருடைய நண்பர் லெஸ்ஸிங் 1779இல் எழுதிய ‘ஞானி நாதன்’ நாடகத்தின் நாயகனுக்கு இவர்தான் முன்மாதிரி என்பார்கள்.

ஆனால் சட்டத்தின் கண்ணில் இந்த மனிதர் யார்? 1750இல் பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடெரிக் பிறப்பித்த ஆணை யூதர்களை ஆறு படிகளாகப் பிரித்தது. மேல் படியில் பணக்காரச் சிலர். அடுத்து, தங்கும் உரிமையைப் பிள்ளைக்கும் கொடுக்கக்கூடிய பாதுகாக்கப்பட்டவர்கள். அதற்கும் கீழே, தான் சாகும்வரை மட்டும் தங்கலாம், பிள்ளைக்கு அந்த உரிமை சேராது என்கிற பிரிவு. அடிப்படியில் வீட்டு வேலையாட்கள்; அவர்கள் திருமணமே செய்துகொள்ள முடியாது. ஒரே சமூகத்துக்குள் படிப்படியாகப் பிரித்து, ஒவ்வொரு படியும் கீழே உள்ளதைப் பார்த்து ஆறுதல் கொள்ளும்படி அமைத்த ஏற்பாடு நமக்குப் புதிதல்ல.

ஐரோப்பா கொண்டாடிய மோசஸுக்கு 1763இல் கிடைத்தது மூன்றாவது படி. அதுவும் அரசவையில் இருந்த ஒரு பிரெஞ்சுப் பிரபு பரிந்து எழுதிய பிறகு. 1771இல் பெர்லின் அறிவியல் கழகத்தார் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தார்கள். மன்னர் ஒப்புதல் தரவில்லை.

இன்னொரு நிகழ்ச்சி 1776இல் நடந்தது. அன்றைய ஜெர்மன் நாடுகள் பலவற்றில் எல்லையைக் கடக்கும் யூதர் தன் உடலுக்கே சுங்கம் கட்ட வேண்டும். சரக்குக்கும் கால்நடைக்கும் கட்டுவதுபோல, மனிதனுக்கு. டிரெஸ்டன் நகரத்துக்குப் போன தத்துவவாதி மெண்டெல்ஸோனிடம், ஓட்டிவரப்படும் ஒரு மாட்டுக்கு உண்டான சுங்கத்தை வாங்கிக்கொண்டுதான் உள்ளே விட்டார்கள். அவருடைய புத்தகங்கள் அந்த நகரத்துக் கடைகளில் எந்தச் சுங்கமும் இல்லாமல் விற்றுக்கொண்டிருந்திருக்கும். பெயர் எல்லையைத் தாண்டிப் போய்விட்டது. உடல் சுங்கச்சாவடியில் நின்றது.

அவர் மதம் மாறியிருந்தால் இந்தச் சுங்கம் இல்லை. லவாட்டர் என்ற சுவிஸ் பாதிரியார் 1769இல் அவரைப் பகிரங்கமாகவே அழைத்தார்: கிறிஸ்தவத்தை மறுத்துக் காட்டுங்கள், முடியாவிட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று. மோசஸ் இரண்டையும் செய்யவில்லை. 1783இல் ‘ஜெருசலேம்’ என்ற நூலில் தன் விடையை விரிவாக எழுதினார். மனசாட்சியின் மீது அரசுக்கும் அதிகாரம் இல்லை, மத நிறுவனத்துக்கும் அதிகாரம் இல்லை, குடியுரிமைக்கு விலையாக நம்பிக்கையைக் கேட்கக்கூடாது என்பது அந்த நூலின் சாரம். அவர் 1786 ஜனவரி 4 அன்று இறந்தார். பிரஷ்யாவில் உடல் சுங்கம் நீக்கப்பட்டது அதற்குப் பிறகுதான்.

3. பதிவேடு கேட்ட பெயர்

மோசஸ் தன் பெயரைத் தானே தேர்ந்துகொண்டார். அடுத்த தலைமுறையில் அரசே பெயர் கேட்டு வந்தது. ஆஸ்திரியப் பேரரசர் இரண்டாம் ஜோசஃப் 1787இல் ஆணையிட்டார்: தன் நாட்டு யூதர்கள் 1788 ஜனவரி 1 முதல் நிலையான குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும். 1808இல் நெப்போலியன் பிரான்சில் அதையே செய்தார். 1812 மார்ச் 11 அன்று பிரஷ்யாவின் ஆணை வந்தது. அது யூதர்களைக் குடிமக்கள் என்று ஏற்றது. அதற்கு நிபந்தனையாக ஆறு மாதத்துக்குள் ஒரு நிலையான குடும்பப் பெயரை அறிவிக்கச் சொன்னது.

அரசுக்கு ஏன் இந்த அக்கறை? வரி வசூலிக்க, படைக்கு ஆள் எடுக்க, சொத்துக்கு வாரிசு பார்க்க, பதிவேட்டில் ஆளை அடையாளம் காண. தலைமுறைதோறும் மாறுகிற பின்பெயரை வைத்துக்கொண்டு இதெல்லாம் நடக்காது. ஆனால் அதே பதிவேடு அந்த மக்களுக்கு முதன்முறையாகக் குடிமகன் என்ற சொல்லையும் கொடுத்தது. பதிவேடு ஒரே நேரத்தில் உரிமைப் பத்திரமாகவும் கண்காணிப்புக் கருவியாகவும் இருக்கும். எந்த நேரத்தில் எதுவாக இருக்கும் என்பதை, அதை யார் கையில் வைத்திருக்கிறார்கள் என்பது தீர்மானிக்கும். இந்தப் பதிவேடு பின்னால் மறுபடி வரும்.

பிரஷ்யா கொடுத்த உரிமை முழுமையாகவும் இல்லை, நிலைக்கவும் இல்லை. 1812 ஆணை பல்கலைக்கழகப் பதவிகளுக்கு யூதர் வரலாம் என்றது. 1822இல் அந்தக் கதவை மன்னர் மூடினார். சட்டம் படித்த எடுவார்ட் கான்ஸ் என்ற யூத அறிஞர் 1825இல் ஞானஸ்நானம் பெற்ற பிறகே பெர்லின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். கவிஞர் ஹைன்ரிஷ் ஹைனேயும் அதே 1825இல்தான் ஞானஸ்நானம் பெற்று, ஹாரி என்ற முதற்பெயரை ஹைன்ரிஷ் என்று மாற்றிக்கொண்டார்.

4. தோட்டத்தோடு வந்த பெயர்

மோசஸுக்கும் அவர் மனைவி ஃப்ரோமெட்டுக்கும் பிறந்தவர்களில் ஆறு பேர் பெரியவர்களாக வளர்ந்தார்கள். அவர்களில் ஜோசஃபும் ரெக்காவும் யூதர்களாகவே இருந்தார்கள். மற்ற நால்வரும் கிறிஸ்தவர்கள் ஆனார்கள். ஜோசஃப் 1795இல் பெர்லினில் தொடங்கிய வங்கி மெண்டெல்ஸோன் பெயரை ஐரோப்பிய வணிக உலகில் நிறுத்தியது. தம்பி ஆபிரகாம் அதில் பங்காளியாக இருந்தார்.

ஆபிரகாமின் மனைவி லேயா. அவளுடைய தம்பி யாக்கோப் சாலமோன் 1805இல் புராட்டஸ்டன்ட் ஆனார். பார்த்தோல்டி என்ற பெயரையும் சூட்டிக்கொண்டார். இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? பெர்லினில் அவர்கள் குடும்பத்துக்கு ஒரு பால்பண்ணைத் தோட்டம் இருந்தது. அதன் முந்தைய உரிமையாளர் பார்த்தோல்டி என்ற ஒரு கிறிஸ்தவர். தோட்டத்துக்கு ஒட்டியிருந்த அந்தப் பெயரை யாக்கோப் எடுத்துக்கொண்டார். ரத்த உறவும் இல்லை, ஊர் உறவும் இல்லை. நிலத்தோடு சேர்ந்து பெயரும் கைமாறியது.

அக்காவின் கணவரையும் இப்பெயரை எடுத்துக்கொள்ளும்படி யாக்கோப் வற்புறுத்தினார். ஆபிரகாம் தன் நான்கு பிள்ளைகளுக்கும் 1816இல் ஞானஸ்நானம் கொடுத்தார். 1822இல் தானும் லேயாவும் பெற்றுக்கொண்டு, குடும்பப் பெயரை மெண்டெல்ஸோன் பார்த்தோல்டி என்று ஆக்கிக்கொண்டார்கள். இரண்டாவது பெயர் நிலைத்த பின் முதல் பெயர் தானாக உதிர்ந்துவிடும் என்பது ஆபிரகாமின் கணக்கு.

அந்தக் கணக்கைக் கெடுத்தவர் மகன் ஃபெலிக்ஸ். 1829 மார்ச் 11 அன்று, 20 வயதில், நூறாண்டு மறந்துகிடந்த பாஹ்கின் ‘மத்தேயு பாடுகள்’ என்ற கிறிஸ்தவ இசைப் படைப்பை பெர்லினில் நடத்தி உயிர்ப்பித்தவர் அவர். சில வாரங்களில் லண்டன் போனார். அங்கே கச்சேரி அறிவிப்புகளில் பெயர் வெறும் ஃபெலிக்ஸ் மெண்டெல்ஸோன் என்று வந்தது. பார்த்தோல்டியைக் காணோம்.

அப்பா ஆபிரகாம் 1829 ஜூலை 8 அன்று மகனுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். பெயர்களின் வரலாற்றில் இப்படியொரு ஆவணம் அரிது. அதன் சாரத்தைச் சொல்கிறேன். உன் தாத்தா மோசஸ் பென் மெண்டெல் என்ற பெயரோடு படித்தவர் உலகத்தில் நுழைய முடியாது என்று கண்டார், அதனால் மெண்டெல்ஸோன் ஆனார். மாற்றம் சிறியது, ஆனால் அதன் மூலம் ஒரு முழுக் கூட்டத்திலிருந்து தன்னைப் பிரித்துக்கொண்டார். அவர் தன் காலத்துக்கு ஏற்ற உடையை அணிந்தார். நீ உன் காலத்துக்கு ஏற்றதை அணிய வேண்டும். மெண்டெல்ஸோன் என்ற பெயர் இனி என்றைக்கும் யூதரைத்தான் குறிக்கும். கன்பூசியஸ் என்ற பெயரில் ஒரு யூதர் எப்படி இருக்க முடியாதோ அப்படியே கிறிஸ்தவ மெண்டெல்ஸோன் ஒருவரும் இருக்க முடியாது. பாரிஸ் போனபோது உனக்கு விசிட்டிங் கார்டு அச்சடித்தேனே, அதில் மெண்டெல்ஸோனை ஒற்றை எழுத்தாகச் சுருக்கி, பார்த்தோல்டியை முழுதாகப் போட்டது இதற்காகத்தான். இதுதான் கடிதம்.

ஆபிரகாம் வில்லன் இல்லை. பிள்ளை தன்னைப்போல அடிபடக்கூடாது என்று நினைத்த தகப்பன். பள்ளியில் சேர்க்கும்போது பிள்ளையின் பேரை இரண்டு முறை யோசித்து எழுதுகிற பெற்றோருக்கு அவருடைய பயம் புரியும். ஆனால் கடிதத்தில் ஓர் இடம் உறுத்துகிறது. மோசஸ் தன் கூட்டத்திலிருந்து பிரிந்து போனார் என்று மகன் எழுதுகிறார். மோசஸ் அப்படிப் பிரியவில்லை. மாட்டுச் சுங்கம் கட்டிய நாளிலும் அந்தக் கூட்டத்தில் ஒருவராகவே கட்டினார். எபிரேய வேதத்தின் முதல் ஐந்து நூல்களை அவர் ஜெர்மனில் மொழிபெயர்த்து, அதை எபிரேய எழுத்துகளில் அச்சிட்டது தன் சமூகத்துப் பிள்ளைகள் படிப்பதற்காக. கூட்டத்தை உயர்த்த எடுத்த பெயரைக் கூட்டத்திலிருந்து தப்ப எடுத்த பெயராக மகன் நினைவு வைத்துக்கொண்டார்.

ஃபெலிக்ஸ் இரண்டு பெயர்களையும் வைத்துக்கொண்டார். நம்பிக்கையுள்ள கிறிஸ்தவராக வாழ்ந்தார், தாத்தாவின் பெயரை விடவில்லை. கிறிஸ்தவ மெண்டெல்ஸோன் இருக்க முடியாது என்ற அப்பாவின் வாக்கை வாழ்ந்தே பொய்யாக்கினார். இன்று உலகம் அவரை மெண்டெல்ஸோன் என்கிறது. பார்த்தோல்டியைச் சொல்ல நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

5. பெண்களுக்கு எந்தப் பெயர்?

குடும்பப் பெயரின் கதையை ஆண்களோடு முடித்தால் பாதிக் கதைதான். மோசஸின் மூத்த மகள் பிரெண்டெல். அப்பா பார்த்து வைத்த கல்யாணத்தால் வெய்ட் ஆனாள். தானாக டோரதேயா என்று பெயர் மாற்றிக்கொண்டாள். மணவிலக்குப் பெற்று, ஃபிரெடெரிக் ஷ்லேகெல் என்ற எழுத்தாளரை மணந்து ஷ்லேகெல் ஆனாள். 1801இல் அவள் எழுதிய ‘ஃப்ளோரென்டின்’ நாவல் வெளிவந்தபோது அட்டையில் பதிப்பாசிரியர் என்று ஷ்லேகெலின் பெயர் இருந்தது. எழுதியவள் பெயர் எங்கும் இல்லை.

ஃபெலிக்ஸின் அக்கா ஃபான்னி, 1805இல் பிறந்தவள். தம்பிக்குக் குறையாத இசைக்கல்வி பெற்றவள். அவளுக்கு இசை ஓர் அலங்காரமாக மட்டுமே இருக்கலாம் என்று அப்பா எழுதினார். அவளுடைய பாடல்களில் ஆறு, தம்பியின் எட்டாம், ஒன்பதாம் பாடல் தொகுப்புகளில் தம்பி பெயரிலேயே அச்சாயின. 1842இல் ஃபெலிக்ஸ் இங்கிலாந்து அரசி விக்டோரியாவைச் சந்தித்தபோது, அவர் பாடுவதற்கு அந்தத் தொகுப்பிலிருந்து விரும்பித் தேர்ந்த பாடல் ஃபான்னியுடையது. அது என் அக்கா எழுதியது என்று ஃபெலிக்ஸ் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. 1846இல்தான் ஃபான்னி தன் பெயரில் ஒரு தொகுப்பை வெளியிட்டாள். அடுத்த ஆண்டு மே மாதம் இறந்துபோனாள். அதே 1847 நவம்பரில் ஃபெலிக்ஸும் இறந்தார்.

தங்கை ரெபெக்காவுக்குப் பார்த்தோல்டி பிடிக்கவில்லை. ‘மெடென்’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு ஒன்றுமில்லை என்று பொருள். அவள் கடிதங்களில் ரெபெக்கா மெண்டெல்ஸோன் மெடென் பார்த்தோல்டி என்று கையெழுத்துப் போடுவாளாம். அப்பா சூட்டிய பெயரை அப்பாவுக்குத் தெரிந்த மொழியில் இல்லாமல் படித்த மொழியில் மறுத்த குறும்பு அது. யூதப் பிறப்பு ஆண்களின் பெயரை மட்டும்தான் சிக்கலாக்கியது. பெண்களுக்கு அந்தப் பெயரே கிடைக்கவில்லை. தகப்பனிடமிருந்து கணவனுக்கு மாறும் பெயர்தான் கிடைத்தது. ஒடுக்கப்பட்ட வீட்டுக்குள்ளும் ஒடுக்குமுறைக்கு ஓர் அறை உண்டு என்பதை இந்தக் குடும்பமும் காட்டுகிறது.

6. பெயரை வேட்டையாடியவர்கள்

ஃபெலிக்ஸ் இறந்து மூன்று ஆண்டுகளில், 1850இல், ‘இசையில் யூதத்தன்மை’ என்ற கட்டுரை ஓர் இசை இதழில் வெளிவந்தது. யூதரால் ஜெர்மன் இசையை உள்ளிருந்து படைக்க முடியாது, மெண்டெல்ஸோனுக்குத் திறமை உண்டு, ஆனால் இதயத்தைத் தொட முடியாது என்பது அதன் வாதம். ஃபெலிக்ஸ் 7 வயதிலேயே ஞானஸ்நானம் பெற்றவர் என்பது அங்கே எடுபடவில்லை. எழுதியவர் பெயர் கே. ஃப்ரைகெடாங்க் என்று இருந்தது. ‘சுதந்திரச் சிந்தனை’ என்று பொருள்படும் புனைபெயர். அதற்குள் ஒளிந்திருந்தவர் இசையமைப்பாளர் ரிச்சர்ட் வாக்னர். 1869இல்தான் சொந்தப் பெயரில் வெளியிட்டார். ஒருவரின் பெயரையும் பிறப்பையும் குற்றமாக்கியவருக்கு, அதைச் செய்யும்போது தன் பெயரைச் சொல்லத் துணிவில்லை.

1920களின் இறுதியில் பெர்லின் காவல்துறையின் துணைத் தலைவர் பெர்ன்ஹார்ட் வைஸ் என்ற யூதர். முதற்பெயரும் குடும்பப் பெயரும் சுத்தமான ஜெர்மன். நாஜிப் பிரச்சாரகர் கெப்பெல்ஸ் அவருக்கு இசிடோர் என்று ஒரு பெயரைத் தானே சூட்டினார். யூதரைக் கேலி செய்யப் பயன்பட்ட பெயர் அது. வைஸ் வழக்குமேல் வழக்குப் போட்டார், பலமுறை வென்றார். கேலி நிற்கவில்லை. இழிவான பெயர் இல்லாதவருக்கு, இழிவு செய்ய விரும்புகிறவன் ஒரு பெயரைக் கொண்டுவந்து கொடுத்துவிடுவான். இழிவு ஒரு பெயருக்குள் குடியிருப்பதாக நம்பித்தான் பெயரை மாற்றுகிறோம். அது இழிவுபடுத்துகிறவனின் கையில் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை.

1933இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்தார்கள். ஃபெலிக்ஸின் பேரன் ஆல்பிரெக்ட் மெண்டெல்ஸோன் பார்த்தோல்டி அப்போது ஹாம்பர்க்கில் புகழ்பெற்ற சட்டப் பேராசிரியர். கொள்ளுத்தாத்தா ஆபிரகாம் பாதுகாப்புக்காகச் சேர்த்த பார்த்தோல்டியையும் சுமந்துகொண்டிருந்தவர். நான்காம் தலைமுறைக் கிறிஸ்தவர். அந்த ஆண்டே பதவியை இழந்தார். ஆக்ஸ்போர்டுக்குப் போனார், 1936 நவம்பரில் அங்கேயே இறந்தார்.

அதே 1936 நவம்பரில் லைப்ஸிக் நகரத்தில், ஃபெலிக்ஸ் நடத்திய இசைக்குழுவின் அரங்கத்துக்கு முன் 1892இல் நிறுவிய அவர் சிலையை இரவோடு இரவாக அகற்றினார்கள். நகரத் தலைவர் கெர்டெலர் ஊரில் இல்லாத நேரம் பார்த்து அது நடந்தது. அவர் திரும்பி வந்து எதிர்த்தார், பயனில்லாததால் பதவியை விட்டார். பின்னாளில் ஹிட்லருக்கு எதிரான சதியில் பங்குகொண்டதற்காக 1945இல் தூக்கிலிடப்பட்டார். சிலை கிடைக்கவே இல்லை. ஃபெலிக்ஸின் நாடக இசைக்கு மாற்று இசை எழுதித் தரச் சில இசையமைப்பாளர்களை அணுகினார்கள்; கார்ல் ஓர்ஃப் எழுதியும் கொடுத்தார். ஜோசஃப் தொடங்கிய வங்கியின் வணிகம் 1938இல் டாய்ச்சே வங்கிக்குக் கைமாறியது.

அதே ஆண்டு ஆகஸ்ட் 17 அன்று பெயர்கள் பற்றி ஓர் ஆணை வந்தது. அரசு ஒரு பட்டியல் வெளியிட்டது. யூதர் வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்த முதற்பெயர்களின் பட்டியல். அதில் இல்லாத பெயருள்ள யூதர்கள் 1939 ஜனவரி 1 முதல் கூடுதலாக ஒரு பெயர் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆண் என்றால் இஸ்ரேல், பெண் என்றால் சாரா. அதே 1938 ஜனவரியில் வந்த சட்டம், முன்பு முறைப்படி பெற்ற பெயர் மாற்றங்களையும் ரத்து செய்ய வழிசெய்தது. இந்த ஆணைகளை வரைந்ததில் பங்குள்ள அதிகாரி ஹான்ஸ் குளோப்கே. போருக்குப் பின் மேற்கு ஜெர்மனியில் 1953 முதல் 1963 வரை பிரதமர் அலுவலகத்தின் உயர் அதிகாரியாக இருந்தவர் அவர்தான்.

1812இல் குடிமகன் ஆவதற்காகப் பெயர் கேட்ட பதிவேடு, 1938இல் குடிமகன் இல்லை என்று காட்டுவதற்காகப் பெயர் திணித்தது. இடையில் 126 ஆண்டுகள். 1935இன் நியூரம்பெர்க் சட்டம் ஒருவரின் பெயரையும் கேட்கவில்லை, நம்பிக்கையையும் கேட்கவில்லை. தாத்தா பாட்டிகளில் எத்தனை பேர் யூதர் என்று எண்ணியது. அந்த எண்ணிக்கைக்கு அடிப்படை தேவாலயங்களும் யூத சபைகளும் காலங்காலமாக எழுதிவைத்த பதிவேடுகள்தான்.

7. எது காப்பாற்றும்?

அப்படியானால் ஆபிரகாம் செய்தது வீண்தானா? மதமாற்றமும் பெயர் மாற்றமும் பயனற்றவையா? இந்த வரலாற்றிலிருந்து அப்படி ஒரு முடிவுக்கு வருவது தவறு என்று நினைக்கிறேன்.

ஆபிரகாமின் வழி ஒரு குடும்பம் தனியாகத் தப்பிக்கும் வழி. பக்கத்துத் தெருவில் இருந்த யூதர் அங்கேயே இருந்தார், அவருக்கு உரிமை வரவில்லை. கதவைத் தாண்டிய ஒவ்வொருவரும் கதவை அப்படியே விட்டுவிட்டுத்தான் தாண்டினார்கள். கதவு இருக்கும்வரை காவலாளி யாரையும் திரும்ப வெளியே தள்ளலாம். நான்கு தலைமுறைக்குப் பிறகும் தள்ளலாம். அண்ணல் 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பௌத்தம் தழுவியபோது தனியாகத் தழுவவில்லை, லட்சக்கணக்கான மக்களோடு சேர்ந்து தழுவினார். அதற்கு முன்பே அரசியல் சட்டத்தில் உரிமைகளை எழுதி வைத்திருந்தார். பெயர், வீடு இவற்றோடு சட்டம் என்ற மூன்றாவதும் அவர் திட்டத்தில் இருந்தது. மெண்டெல்ஸோன் குடும்பத்துக்குக் கிடைக்காமல் போனது அந்த மூன்றாவதுதான். மோசஸ் தன் ‘ஜெருசலேம்’ நூலில் கேட்டதும் அதைத்தான்: மனிதன் என்ன பெயரோடு, என்ன நம்பிக்கையோடு இருந்தாலும் குறையாத உரிமை.

ஒரு பெயரின் மதிப்பு அதன் எழுத்துகளில் இல்லை என்பதற்கும் இதே குடும்பம் சாட்சி. மெண்டெல் என்பவர் ஏழை எழுத்தர். அவருடைய பெயரில் பெருமை எதுவும் அன்று இல்லை. அந்தப் பெயரை மகன் எழுத்தால் நிரப்பினார். கொள்ளுப்பேத்தியும் கொள்ளுப்பேரனும் இசையால் நிரப்பினார்கள். பார்த்தோல்டி தோட்டத்தோடு வந்த பெயர், யாரும் அதை நிரப்பவில்லை. இன்று அந்தக் குடும்பத்தைத் தேடுகிறவர்கள் மெண்டெல் என்ற அந்த ஏழையின் பெயரைச் சொல்லித்தான் தேடுகிறார்கள்.

லைப்ஸிக்கில் அகற்றிய சிலையின் மறுவார்ப்பு 2008இல் மீண்டும் நிறுவப்பட்டது. பெர்லினில் மோசஸ் அடக்கம் செய்யப்பட்ட பழைய யூதக் கல்லறைத் தோட்டத்தை 1943இல் நாஜிகள் அழித்தார்கள். இன்று அங்கே மோசஸுக்கு ஒரு கல் மீண்டும் நிற்கிறது. அதன் எபிரேய எழுத்துகளில் மெண்டெல்ஸோன் என்ற பெயர் இல்லை. டெஸ்ஸாவ்க்கார மோசஸ் என்றுதான் இருக்கிறது. ஊர் அவரைத் துரத்திய பெயர், அவர் வெட்கப்படாமல் வைத்துக்கொண்ட பெயர் அது.